நாலு பேர் பார்க்கும் பேருந்தில்

2016-ஆம் ஆண்டு ஓணத்துக்கு முந்தைய வாரத்தில் ஒரு நாள், பொள்ளாச்சியில் நான் ஏறிய பேருந்து கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கத்தில் ஐம்பது நிமிடம் நகராமல் நின்றது. ஜி.எஸ்.டி. வருவதற்கு முந்தைய காலம் அது. கேரளத்துக்குக் காய்கறியும் பூவும் ஏற்றிச் செல்லும் லாரிகள் வணிகவரிச் சாவடியில் காகிதங்களைக் காட்டுவதற்காக வரிசை கட்டி நிற்கும். ஓணம் நெருங்கினால் அந்த வரிசை சாலையையே அடைத்துவிடும். நான் பிறந்தது கொழிஞ்சாம்பாறையில், வாழ்க்கைப்பட்டது பொள்ளாச்சியில். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், தமிழ்வழி வகுப்புகள் உள்ள ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. பேருந்து நின்ற பத்தாவது நிமிடத்தில் எனக்குச் சிறுநீர் முட்டத் தொடங்கியது.

சாலையின் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. இறங்கி நடந்திருந்தால் ஏதாவது ஒரு வீட்டில் கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கும் கதவுக்கும் நடுவில் இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை விலக்கிப் போய், நடத்துநரிடம் காரணம் சொல்லி இறங்கி, திரும்பி வந்து அத்தனை பேர் முகத்தையும் பார்த்தபடி உட்கார வேண்டும் என்று நினைத்த அளவிலேயே உள்ளங்கை வியர்த்துவிட்டது. பையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முன்னிருக்கையின் முதுகில் யாரோ ஆணியால் கீறியிருந்த ஒரு பெயரைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பேருந்து நகர்ந்தது, பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன், கழிப்பறைக்குப் போனேன், அவ்வளவுதான். அன்றைக்கு என் உடல் எனக்கு எந்தத் துரோகமும் செய்யவில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் தண்ணீர்ச் செம்பை எடுத்த கை, குடிக்காமலே அதைத் திரும்ப வைத்துவிட்டது. அடுத்த ஆறு ஆண்டுகள் என் காலைப் பொழுதுகள் அந்தச் செம்பைச் சுற்றியே நடந்தன.

விதிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. காலை ஐந்து மணிக்குப் பிறகு தண்ணீர் கிடையாது. வீட்டை விட்டுக் கிளம்புமுன் இரண்டு முறை, பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிப்பிடத்தில் ஒரு முறை போய்விட வேண்டும். கதவை ஒட்டிய இருக்கை கிடைக்காவிட்டால் அடுத்த வண்டி. நனைந்தால் தெரியாத ஆழ்ந்த நிறச் சேலை. பையின் அடியில் ஒரு பாவாடையும் மடித்த பழந்துணியும். வழியில் எந்த நிறுத்தத்தில் எங்கே கழிப்பறை இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம்: இந்தப் பக்கத்துப் பலகையில் ‘கட்டணக் கழிப்பிடம்’ என்றிருக்கும், சாவடியைத் தாண்டினால் அதுவே ‘கம்ஃபர்ட் ஸ்டேஷன்’ ஆகிவிடும். பிள்ளைகளை மலம்புழா அணைக்குச் சுற்றுலா அழைத்துப் போகும் நாளில் எனக்கு ஆண்டுதோறும் காய்ச்சல் வந்தது. நாத்தனார் மகளின் கல்யாணம் குருவாயூரில் நடந்தபோது, வேனில் மூன்று மணி நேரம் சொந்தக்காரர்களோடு உட்கார வேண்டுமே என்று போகாமலே இருந்துவிட்டேன். நாலு பேர் தவறாக நினைத்துவிடக் கூடாதே என்று போகாமல் இருந்தேன். போகாததால், வேலைக்குப் போகிற கர்வம் என்று அந்த நாலு பேரும் நினைத்தார்கள். அந்த வருத்தம் அவர்களுக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

சிறுநீரகப் பரிசோதனை, சர்க்கரை, ஸ்கேன் எல்லாம் செய்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. அதன் பிறகுதான், 2022-இல், பாலக்காட்டில் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் அந்த அம்மா, நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “சரி டீச்சர், பஸ்ஸில் அடக்க முடியாமல் போயே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன நடக்கும்?” நான் சொல்லத் தொடங்கினேன். நடத்துநர் திரும்பிப் பார்ப்பார். பக்கத்து இருக்கைப் பெண் முந்தானையை ஒதுக்கிக்கொண்டு எழுந்துவிடுவாள். நம் பள்ளிப் பிள்ளையின் அம்மா யாராவது அந்த வண்டியில் இருப்பார். மறுநாள் ஆசிரியர் அறையில் நான் நுழைந்ததும் பேச்சு நிற்கும். நான் சொல்லி முடித்த பிறகு அவர் தம் குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினார். அதில் ஈரத்தைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ ஒரு வார்த்தைகூட இல்லை, எல்லாம் முகங்கள்.

தமிழில் இதற்கு வெகுகாலமாகவே பெயர் இருக்கிறது: நாலு பேர் என்ன சொல்வார்கள். உளவியலில் இதைப் பிறரின் எதிர்மறை மதிப்பீடு குறித்த அச்சம் என்கிறார்கள். டேவிட் வாட்சன், ரொனால்டு ஃபிரெண்டு என்ற இருவர் 1969-இல் இதை அளப்பதற்கென்றே முப்பது கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். 1983-இல் மார்க் லியரி அதைப் பன்னிரண்டாகச் சுருக்கினார். சமூக அச்சத்தின் நடுத்தண்டு இது என்பது அதன் பிறகு வந்த ஆய்வாளர்கள் பலரும் ஒப்புக்கொண்ட செய்தி. 2015-இல் லண்டனில் சுன்ஜீவ் கம்போஜும் உடன் ஆய்வாளர்களும், மலமோ சிறுநீரோ பொது இடத்தில் கைமீறிப் போய்விடும் என்ற பதற்றத்தைத் தனியாக விவரித்து எழுதினார்கள். இதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு துன்பமும் இருக்கிறது: பக்கத்தில் ஆள் இருந்தால் எவ்வளவு முட்டினாலும் சிறுநீர் வெளியே வராமல் போவது. அதற்கு 1954-இலேயே பெயர் வைத்துவிட்டார்கள். ஒருவருக்கு வந்துவிடுமோ என்ற பயம், இன்னொருவருக்கு வரவே வராது. ஆனால் இருவரும் அஞ்சுவது பக்கத்தில் நிற்பவரைத்தான் என்று தெரிந்தபோது எனக்குப் பெரிய ஆறுதல் கிடைத்தது.

இந்த அச்சம் எனக்குள் எப்போது விழுந்தது என்று யோசித்துப் பார்த்தேன். கோபாலபுரத்தில் முளைத்ததே தவிர, விதைக்கப்பட்டது அங்கே இல்லை. நான்காம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒரு நாள் சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தவர், மணி அடிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். சிறிது நேரத்தில் பெஞ்சின் அடியில் சிமெண்டுத் தரை கறுத்துக்கொண்டே வந்து, என் சிலேட்டுப் பையின் ஓரம்வரை வந்து நின்றது. நான் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவள் அழவில்லை, நிமிர்ந்து கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்து வயல்களுக்கு ஆழியாற்றுத் தண்ணீர்தான் உயிர். இரு மாநில ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. மணக்கடவு வழியாக வந்தாக வேண்டும் என்பதால், ஆழியாற்றில் தண்ணீர் திறந்தாயிற்றா என்பது வீட்டுக்கு வீடு பேசப்படும் பேச்சு. மறுநாளிலிருந்து அவளுக்குப் பெயர் ஆழியாறு. அவள் வகுப்புக்குள் வந்தால், “ஆழியாறு தொறந்தாச்சு” என்று ஒருவன் சொல்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள். பத்தாம் வகுப்புவரை அந்தப் பெயர் அவளோடு வந்தது. நானும் சிரித்திருக்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்தேன். பேச்சு எப்படியோ அந்த நாளுக்குப் போனது. பையைத் தூக்கிக்கொண்டதற்கும் சிரித்ததற்கும் மன்னிப்புக் கேட்டேன். “நனைஞ்சதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லடி. கூப்பிட்டதுதான் ஞாபகம் இருக்கு” என்றாள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதால் என்னால் தாங்க முடிந்தது.

ஆலோசகர் எனக்குக் கொடுத்த முதல் வேலை மருந்தோ தியானமோ அன்று. ஓர் அளவுக் கோப்பை. இருமல் மருந்தின் மூடியைப் போலக் கோடு போட்ட, சற்றுப் பெரிய பிளாஸ்டிக் கோப்பை. மூன்று நாள்கள், ஒவ்வொரு முறையும் எவ்வளவு போகிறது, எத்தனை மணிக்கு, அப்போது முட்டல் எவ்வளவு என்று எழுத வேண்டும். நல்ல உடல்நிலையில் உள்ளவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் ஏறத்தாழ 150 முதல் 200 மில்லி சேரும்போது முதல் உணர்வு தோன்றும் என்றும், 400 முதல் 500 மில்லிவரை அது கொள்ளும் என்றும் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை காலை, பேருந்துக்குக் கிளம்புமுன், இனி ஒரு நொடிகூடத் தாங்காது என்ற அவசரத்தோடு நான் போனபோது கோப்பையில் இருந்தது 90 மில்லி. அடுத்த இருபதாவது நிமிடத்தில் மறுபடி அதே அவசரம்; அப்போது 40. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். கிரைண்டரைக் கழுவி, மாவை வழித்துப் பாத்திரத்தில் எடுத்து வைத்து, அடுப்படியைத் துடைத்துவிட்டு, நினைவு வந்து சாவகாசமாகப் போனேன். 380 மில்லி.

90, 380 என்ற இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பை ஒன்றுதான். வெள்ளிக்கிழமையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அது நான்கு மடங்கு பெரிதாகியிருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் என்னைப் பார்க்க யாரும் இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

இதன் உள்வேலை சிக்கலானதுதான், ஆனால் சுருக்கமாகச் சொல்ல முடியும். சிறுநீர்ப்பை நிரம்பும் செய்தி தண்டுவடம் வழியாக மூளைத்தண்டிலுள்ள ஒரு மையத்துக்குப் போகிறது. இடமும் நேரமும் சரியா என்று பார்க்கும் மேல்மூளை, இன்னும் பொறு என்று அதனிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நாள் முழுவதும் நமக்குத் தெரியாமலே நடக்கும் உரையாடல் இது. பதற்றம் வந்தால் அந்தச் செய்தி உரக்கக் கேட்கத் தொடங்குகிறது, அவசரம் கூடுகிறது, கவனம் முழுவதும் அடிவயிற்றில் போய்க் குவிகிறது. கவனம் குவிந்த இடத்தில் சிறு அசைவும் பெரிதாகத் தெரியும். போதாததற்கு, அச்சம் சொல்லிக்கொடுக்கும் வைத்தியங்கள் எல்லாமே நோயை வளர்ப்பவை. தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் செறிந்து எரிச்சல் தரும், தொற்றுக்கும் வழிவிடும், மலச்சிக்கல் வந்து பையை அழுத்தும். எதற்கும் இருக்கட்டும் என்று முட்டாதபோதெல்லாம் போய்ப் பழகினால், சிறிது சேர்ந்தாலே போக வேண்டும் என்று பையும் பழகிக்கொள்ளும். எல்லாவற்றையும்விட மோசமானது, தப்பித்ததற்கான நன்றி தவறான இடத்துக்குப் போய்விடுவது. ஆறு ஆண்டுகள் ஒரு நாள்கூட ஒன்றும் ஆகவில்லை என்றபோது, என் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. கதவுப் பக்கத்து இருக்கை காப்பாற்றியது என்றே நினைத்தேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உண்மையாகவே சிறுநீர் கசிபவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களுடைய துன்பம் கற்பனையன்று. என் சித்திக்கு இரண்டாம் பிரசவத்துக்குப் பிறகு இருமினாலும் தும்மினாலும் குடத்தைத் தூக்கினாலும் கசிந்தது. பதினொரு ஆண்டுகள் அவர் யாரிடமும் சொல்லவில்லை, சித்தப்பாவிடம்கூட. பழைய நூல் சேலையை நான்காகக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு, சித்தூர் பகவதி கோயிலின் கொங்கன் படைத் திருவிழாவுக்கு மட்டும் ஆண்டுதோறும் ஏதாவது சாக்குச் சொல்லி வீட்டிலேயே இருந்தார். வாடை வருமோ, பக்கத்தில் நிற்பவர்கள் நகர்வார்களோ என்ற எண்ணம்தான். என் கதையை நான் சொன்ன பிறகுதான் அவர் தம் கதையைச் சொன்னார். “இதெல்லாம் வெளிய சொல்ற சமாச்சாரமா கண்ணு? சொன்னா எளப்பமாப் பாப்பாங்க” என்றார். இப்படி வரும் கசிவுக்கு இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி பலருக்கும் நல்ல பலன் தருகிறது. ஆர்னால்டு கெகல் என்ற மருத்துவர் அதைப் பற்றி எழுதியது 1948-இல். சித்தி நான்கு மாதம் முறையாகச் செய்தார். இருமும்போது இன்னும் சில நேரம் கசிகிறது என்கிறார், ஆனால் துணியை மடித்து வைப்பதை விட்டுவிட்டார். அவருக்குக் கசிவு இருந்தது, எனக்கு இல்லை. என்றாலும் எங்கள் இருவரையும் மருத்துவரிடம் போகவிடாமல் தடுத்தது ஒன்றேதான். எனக்கு இதில் மிகுந்த கோபம் இருக்கிறது. பதினொரு ஆண்டு என்பது ஒரு மனுஷிக்குச் சிறிய காலமில்லை.

எல்லாவற்றையும் மனத்தின் தலையில் கட்டிவிடவும் கூடாது. கழிப்பறையே இல்லாத இடத்தில் அஞ்சுவது நோயாகாது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக் கடைகளில் வேலை செய்த பெண்கள், கடையில் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமல் நாள் முழுவதும் நின்றுகொண்டிருந்தார்கள். பி. விஜி முன்னின்ற ‘பெண்கூட்டு’ என்ற பெண்கள் அமைப்பு அதை வெளிப்படையாகப் பேசிப் போராடியது. உட்காரும் உரிமைக்கான அவர்களுடைய போராட்டத்தின் விளைவாகக் கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது, 2021-இல் தமிழ்நாடும் உட்காரும் உரிமைக்குச் சட்டம் செய்தது. நடுத்தெருவில் நின்று, எங்களுக்கு மூத்திரப்புரை வேண்டும் என்று சத்தமாகக் கேட்ட அந்தப் பெண்களை நினைத்தால் இன்றும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. நான் கூசி விழுங்கிய அதே சொல்லை அவர்கள் கோரிக்கையாக்கினார்கள்.

என் மருத்துவம் மெதுவாக நடந்தது. முதலில் தண்ணீர்: காலையில் அரை டம்ளர், ஒரு வாரம் கழித்து ஒரு டம்ளர். பிறகு இடைவெளி: முட்டியவுடன் ஓடாமல் ஐந்து நிமிடம், பத்து, பதினைந்து. பிறகு விதிகளை ஒவ்வொன்றாகக் கைவிடுவது. பழந்துணியைப் பையிலிருந்து எடுத்துவிட்டுப் போன நாளில் கோபாலபுரம்வரை நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. 2019 வாக்கில் கேரளப் பள்ளிகளில் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்கென்று ‘வாட்டர் பெல்’ அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். அதுவரை பிள்ளைகள் குடிப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நான், மருத்துவம் தொடங்கிய ஆண்டிலிருந்து அவர்களோடு சேர்ந்து குடித்தேன். வகுப்பில் கதவோரம் ஓர் ஆணியில் அட்டை ஒன்றையும் மாட்டி வைத்தேன். போக வேண்டியவர்கள் விரலைத் தூக்கி அனுமதி கேட்க வேண்டாம். அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டு, வந்து மாட்டினால் போதும்.

மிகவும் கடினமாக இருந்தது கடைசிப் பாடம். அடக்கிப் பழகியாயிற்று, இனி கேட்டுப் பழகுங்கள் என்றார் ஆலோசகர். அதாவது ஓடும் வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டும், காரணத்தையும் சொல்ல வேண்டும். அதிலும் கேரள அரசுப் பேருந்தில், என் தமிழ் வாடை போகாத மலையாளத்தில். இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு மாலை, திரும்பும் வண்டியில், மழை பெய்து ஓய்ந்திருந்தது, சாலை வேலை நடந்ததால் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது, உண்மையாகவே முட்டியது. எழுந்து நடத்துநரிடம் போய், “சேட்டா, ஒந்நு நிர்த்தாமோ? பாத்ரூமில் போணம்” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. முன்னிருக்கையில் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு ஆண்டுகள் நான் பயந்த முகங்கள் அவைதான். ஒருவர் கொட்டாவி விட்டார், மற்றவர் மறுபடி அலைபேசியைப் பார்க்கத் தொடங்கினார். நடத்துநர் குனிந்து வெளியே பார்த்து, அடுத்து ஒரு பெட்ரோல் பங்க் வருகிறது, அங்கே நிறுத்தச் சொல்கிறேன் என்றார்.

நான் இறங்கும்போது பின்னால், “நில்லு கண்ணு, நானும் வர்றேன்” என்று ஒரு குரல் கேட்டது. எழுபது வயது இருக்கும் ஓர் ஆத்தா, கம்பியைப் பிடித்துப் படி படியாக இறங்கிக்கொண்டிருந்தார். சித்தூரிலிருந்தே அடக்கிக்கொண்டு வந்ததாகவும், கேட்கக் கூச்சமாக இருந்ததாகவும் சொன்னார். ஈரத் தரையில் அவர் வழுக்கிவிடாமல் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். அவர் உள்ளே போனபோது பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் திரும்பி வந்து ஏறும்வரை வண்டி நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்தாயிற்றா என்று பார்த்துவிட்டு, நடத்துநர் கயிற்றை இழுத்து இரட்டை மணி அடித்தார்.